தேவாங்கைப் பிடிக்காதீங்க, வேலியை விடுங்க

தோட்டத்தில் பிடிபட்ட தேவாங்கை மீட்டுக் காட்டில் விட்டார்கள் என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். அதை யார் தொலைச்சது, இவங்க மீட்க?

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022-ல் அறிவித்தார்கள். நாட்டிலேயே முதலாவது. நல்ல காரியம். ஆனால் தேவாங்குக்கு எல்லைக்கல் தெரியாது. அடிவாரத்துத் தோட்டங்களுக்கும் வரும். குரங்கு மாதிரி தாவாது. கிளைக்குக் கிளை பிடித்து மெதுவாகத்தான் நகரும். கிளை தொடர்ச்சி அறுந்தால் தரையில் இறங்கணும். அங்கே நாய், ரோட்டில் வண்டி.

கிளுவையும் கள்ளியும் ஒடையும் பின்னிக் கிடந்த வேலியை ஜேசிபி வைத்து வழித்துவிட்டு, கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டுகிறோம். ராத்திரி பூராவும் பூச்சி தின்கிற ஜீவனை விரட்டிவிட்டு, பகலில் பூச்சிவிரட்டிக்கு இலை இடிச்சுக்கிட்டு இருக்கோம்!

வங்கியில் இருந்தவரை கம்பி வேலிக்குக் கடன் கேட்டு வந்தவர்கள் ஏராளம். உயிர்வேலிக்கு ஒருத்தரும் வந்ததில்லை. சூரிய மின்வேலிக்கு மானியம் தரும் அரசு, சரணாலயத்தைச் சுற்றி உயிர்வேலி காக்கும் விவசாயிக்கும் மீட்டர் கணக்கில் ஒரு தொகை தரட்டும். நம்ம இயக்கம் இதைக் கோரிக்கையாக வைக்கணும்.

வேலியில் தேவாங்கு தென்பட்டால் டார்ச்சை அணைச்சுட்டு நகர்ந்திடுங்க. செல்ஃபி வேண்டாம், சாக்கில் போட்டு ‘மீட்கவும்’ வேண்டாம். அடிபட்டுக் கிடந்தாலோ, வித்தைக்கும் மாந்திரீகத்துக்கும் யாராவது பிடித்து வைத்திருந்தாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்க.