நிறைவிலிருந்தா, குறைவிலிருந்தா?

நமது ஆலயங்களில் இலத்தீன் மொழி ஒலிப்பது இன்று அரிதாகிவிட்டது. ஆயினும் அம்மொழிச் சொற்கள் சிலவற்றின் வேரை ஆராய்ந்தால், நமது இல்லற வாழ்வுக்கு வேண்டிய நல்ல படிப்பினைகள் கிடைக்கின்றன. நிறைவையும் குறைவையும் குறிக்கும் சொற்களை இம்மாதம் காண்போம்.

மிகுதியாயிருத்தலை இலத்தீனில் 'அபுந்தாரே' என்பர். 'உந்தா' என்றால் அலை. கரைக்குள் அடங்காமல் அலைபுரண்டு வழிவதே இச்சொல்லின் முதற்பொருள். ஆற்றில் நீர் உயர்வதைப் பெருக்கு என்றும், செல்வம் வளர்வதைப் பெருக்கம் என்றும் நாமும் ஒரே வேரிலிருந்து கூறுகிறோம் அல்லவா? தேவைக்கு மிஞ்சியதைக் குறிக்கும் 'சூப்பெர்ஃப்ளூவும்' என்னும் சொல்லும் இத்தகையதே. மேலே வழிந்தோடுவது என்பது அதன் பொருள்.

குறைவைச் சுட்டவும் சொற்கள் பல உள. 'பவுப்பெர்த்தாஸ்' என்பது, கிடைக்கும் சிறிதளவைக் கொண்டு சிக்கனமாக வாழும் எளிய நிலை. 'எகெஸ்தாஸ்' அப்படியன்று, உயிர்வாழத் தேவையானதும் இல்லாத கொடிய நிலை அது. துறவியரின் ஏழ்மை வார்த்தைப்பாட்டுக்குத் திருச்சபை 'பவுப்பெர்த்தாஸ்' என்றே பெயரிட்டது, 'எகெஸ்தாஸ்' என்னவில்லை. எளிமை விரும்பி ஏற்கத்தக்க புண்ணியம். பட்டினியோ நீக்கப்படவேண்டிய துன்பம். பசித்திருக்கும் அயலானிடம் ஏழ்மையின் பெருமையைப் போதிப்போர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றனர்.

இனி, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித எரோணிமுஸ் செப்பனிட்ட இலத்தீன் நற்செய்தியைத் திறப்போம். மாற்கு 12-ஆம் அதிகாரத்தில், ஏழைக் கைம்பெண் இரண்டு சிறு காசுகளைக் காணிக்கையாகப் போடுகிறாள். செல்வர்கள் போட்டதைக் கூறுமிடத்தில் 'அபுந்தாரே' என்னும் வினை வருகிறது. அவள் போட்டதைக் கூறுமிடத்தில் பற்றாக்குறையைக் குறிக்கும் 'பெனூரியா' வருகிறது. அவர்கள் வழிந்ததைக் கொடுத்தனர். அவளோ வற்றிய கலத்தின் கடைசித் துளியையும் கொடுத்தாள். ஆகவேதான் ஆண்டவரின் கணக்கில் அவளது காணிக்கையே பெரிதாயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 69-ஆம் எண்ணிலும் இதே படிப்பினை உண்டு. ஏழைகளுக்கு உதவுவது நமது கடமை. அதுவும் நம்மிடம் மிஞ்சியதிலிருந்து மட்டுமன்று என்று சங்கம் கூறுகிறது. மூல ஏட்டில் அவ்விடத்தில் நிற்பது, நாம் மேலே கண்ட வழிந்தோடும் சொல்லேயாம்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? அலமாரியில் இடமில்லை என்று ஒதுக்கிய பழந்துணியையும், விருந்தில் மீந்த சோற்றையும் கொடுத்துவிட்டுத் தருமம் செய்ததாக மனநிறைவு கொள்கிறோம். அவற்றையும் கொடுப்பது நன்றே. ஆனால் வழிந்த நீர் தானாகவே ஓடும். அதில் நமது அன்பு எவ்வளவு? சிலர் வீட்டிலோ வழிவதற்கே இடமில்லை. வருமானம் உயர உயர, கரையையும் உயர்த்திக்கொண்டே போகிறார்கள்.

இலத்தீனில் 'சாத்திஸ்' என்றொரு சிறு சொல் உண்டு. 'போதும்' என்பது அதன் பொருள். ஒவ்வொரு குடும்பமும் மாதச் செலவைத் திட்டமிடும்போது தாயும் தந்தையும் பிள்ளைகளும் கூடியமர்ந்து அச்சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். அண்டை வீட்டு 'எகெஸ்தாஸ்' நீங்குவதற்கு, நாம் சொல்லும் அந்தப் 'போதும்' ஒரு தொடக்கமாகும்.