மலை ஜனங்களின் மூச்சு

கொரோனா பற்றிய சர்வதேச அவசர நிலை முடிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ம் வருஷம் மே மாதத்தில் அறிவித்தது. அதன்பின் அந்நோயைப் பற்றிய பேச்சும் ஓய்ந்துவிட்டது. ஆயினும் அது புகட்டிய பாடம் ஒன்றைச் சர்க்காரும் ஜனங்களும் மறப்பது தகாது.

நோய் கடுமையாய்க் கண்டவர்களிற் சிலருக்கு, ஜுரம் தணிந்து வீட்டார் மனந்தேறிய இரண்டாம் மூன்றாம் வாரத்தில், திடீரென மார்பிற் குத்துவலியும் மூச்சுத் திணறலும் உண்டாயின. கிருமியால் நைந்த நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் இருமலின் வேகத்தில் கிழிந்து, உள்ளிருந்த காற்று நெஞ்சுக்கூட்டிற் கசிந்ததே காரணம். சுவாச யந்திரம் பொருத்தப்பட்டவர்களுக்கே இது அதிகமாயினும், அந்த யந்திரத்தைக் காணாதவர்களுக்கும், முன்பு நுரையீரல் வியாதியே இல்லாதவர்களுக்கும் நேர்ந்ததுண்டு. 2003-ல் பரவிய ஸார்ஸ் நோயிலும் வைத்தியர்கள் இதைக் கண்டனர்.

கசிந்த காற்று வெளியேற வழியின்றிப் பெருகுமானால், நுரையீரலைச் சுருக்கி, இருதயத்தையும் நெருக்கி, சில நிமிஷங்களில் உயிரைக் குடித்துவிடும். அப்போது பிராணவாயு மட்டும் கொடுத்துப் பயனில்லை. ஆபத்து முற்றினால் உடனே ஒரு ஊசி. மற்றபடி நோயை அறிய எக்ஸ்ரே படம். காற்றை இறக்க விலாவிடையே ஒரு குழாய். அதன் மறுமுனை அமிழ ஒரு புட்டி ஜலம். இவற்றிற் கைதேர்ந்த ஒரு வைத்தியர். வேண்டுவன இவ்வளவே. கோடி ரூபாய் சாதனம் எதுவும் தேவையில்லை.

இனிப் போளூரைப் பார்ப்போம். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஜமுனாமரத்தூர்ப் பக்கமிருந்து மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கி இவ்வூரை அடைகிறார்கள். இங்கிருந்து திருவண்ணாமலை சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மேலும் சுமார் 35 கிலோமீட்டர். நிமிஷங்களிற் கொல்லும் ஆபத்துக்கு மணிக்கணக்கான பிரயாணம் மருந்தாகுமா?

1918-ல் இன்புளுயென்ஸா நம் தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை வாரிச் சென்றது. அன்று ஆண்டவர் அந்நியர் என்றோம். இன்று யாரைச் சொல்வது? போளூரிலும் ஜமுனாமரத்தூரிலும் இரவு பகல் எந்நேரமும் எக்ஸ்ரேயும், குழாய் பொருத்தத் தெரிந்த வைத்தியரும் இருக்கவேண்டும். இருக்கிறார்களா என்று நேரிற் சென்று பார்ப்பதும், இல்லையெனில் கேட்டுப் பெறுவதும், வீடு திரும்பும் நோயாளிக்கு மார்பு வலியைப் பற்றி எச்சரிப்பதும் தேச ஊழியர்களின் கடமை. சுதந்திர நாட்டில், மலையிற் பிறந்த குற்றத்துக்காக ஒருவனுடைய உயிர் மலிவாகலாகாது.