கொரியாவுக்கு கிரீன்வேஸ் ரோடுல இறங்கணும்!

இந்த வாரம் நம்ம தபால் பையில விழுந்த ஒரு லெட்டரோட ஆரம்பிக்கிறேன். விழுப்புரத்துலேருந்து ஒரு காலேஜ் தோழி எழுதியிருந்தாங்க. ‘சீரியல் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி கொரியன் வந்துடுச்சு. சென்னையில ஏதோ கொரியன் சென்டர் இருக்காமே, ஃப்ரீயாமே? நம்மள மாதிரி ஊர்க்காரங்களை எல்லாம் உள்ள விடுவாங்களா?’

கடைசி வரி இருக்கே, அதுதான் என்னைக் குத்துச்சு. ‘எப்படிப் போறது?’ன்னு கேக்கலை. ‘விடுவாங்களா?’ன்னு கேட்டிருக்காங்க.

விடுவாங்க தோழி. எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, செமஸ்டர் லீவுல என் சித்தி பொண்ணைக் கூட்டிக்கிட்டு நானே போயிட்டு வந்தேன். அவளுக்கு வீடு திண்டிவனம், காலேஜ் விழுப்புரம். பி.காம். ரெண்டாவது வருஷம், தினமும் ரயில் பயணம். பி.டி.எஸ். பசங்க ஏழு பேரோட பேரு, பொறந்த நாள், ரத்த குரூப் வரைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. (சொந்த மாமா பசங்க பேரு கேட்டா யோசிப்பா, அது வேற விஷயம்!) இந்தக் காய்ச்சலை வீட்டுக்குள்ள கொண்டு வந்தது அவளோட அக்கா. புதுயுகம் டி.வி.யில ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ தமிழ் பேசினப்ப, ஸ்கூல் விட்டதும் பை கூடக் கழட்டாம டி.வி. முன்னாடி உட்கார்ந்த பார்ட்டி அவ. தங்கச்சி அதையே செல்போன்ல தொடர்றா. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, போகலாம்னு முடிவு பண்ணியாச்சு. சித்திகிட்ட பர்மிஷன்? அங்கதான் பாஸ் ஆரம்பிச்சுது.

“இன்னாடி, கொரியாவா? போன வருஷமோ முந்தா வருஷமோ மூணு பொண்ணுங்க ஓடிப் போச்சே, பேப்பர்ல போட்டானே, அதானே?”

சித்தி சொன்னது நிஜம். 2024 ஜனவரி. கரூர் மாவட்டத்துல கவர்மென்ட் ஸ்கூல்ல எட்டாவது படிச்ச மூணு பொண்ணுங்க. வயசு 13. கையில சேர்த்து வெச்ச பணம் 14,000 ரூபாய். பி.டி.எஸ்.ஸைப் பார்க்க சியோல் போகணும். அதுக்கு விசாகப்பட்டினம் போய், அங்கேருந்து கப்பல் ஏறணும். இதுதான் பிளான். யார்கிட்டயும் சொல்லாம கிளம்பி, ஈரோடு வழியா சென்னை வரைக்கும் வந்துட்டாங்க. ராத்திரி தங்க ரூம் கிடைக்க அலைஞ்சிருக்காங்க. விடிஞ்சதும் தைரியம் கரைஞ்சு, ஊருக்கே திரும்பிடலாம்னு ரயில் ஏறியாச்சு. காட்பாடியில சாப்பிட ஏதாவது வாங்கலாம்னு இறங்கினா, ரயில் கிளம்பிடுச்சு. பிளாட்ஃபார்ம்ல நின்ன பிள்ளைங்களைப் போலீஸ் பார்த்து மீட்டாங்க.

அப்போ நிறைய பேர் சிரிச்சாங்க. மீம்ஸ் போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ரெண்டு விஷயம் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. ஒண்ணு, அந்த 2024 ஜனவரியில பி.டி.எஸ். ஏழு பேருமே கட்டாய ராணுவ சேவையில இருந்தாங்க. கடைசி ஆட்கள் சேர்ந்தது 2023 டிசம்பர்ல. ஏழு பேரும் முடிச்சு வெளியில வந்தது 2025 ஜூன்லதான். கப்பல் கிடைச்சு சியோலே போயிருந்தாலும் ஒருத்தரையும் பார்த்திருக்க முடியாது. ரெண்டாவதுதான் பெருசு. அந்தப் பிள்ளைங்க பயந்துக்கிட்டு ராத்தங்கின அதே சென்னையில, ராஜா அண்ணாமலைபுரத்துல, கொரியாவுக்குன்னே ஒரு கதவு 2006லேருந்து திறந்திருக்கு. அது தெரிஞ்சிருந்தா, அப்பாவையோ டீச்சரையோ கூட்டிக்கிட்டு ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போயிருக்கலாமேன்னு தோணுச்சு.

சித்திகிட்ட இதைத்தான் சொன்னேன். “ஓடிப் போகலை சித்தி. சொல்லிட்டுப் போறோம். ராத்திரி எட்டு மணிக்குள்ள வந்துடுவோம்.” சித்தி ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம் தயிர்சாதம் கட்டித் தர எழுந்து போயிட்டாங்க. (அவங்க அகராதியில அதுக்கு ‘சரி’ன்னு அர்த்தம்!)

இப்ப ரூட் சொல்றேன், குறிச்சுக்குங்க. திண்டிவனத்துலேருந்து சென்னை நூத்தி இருபது கிலோமீட்டர் சொச்சம். விழுப்புரத்துக்காரங்க இன்னும் ஒரு நாப்பது கூட்டிக்கணும். பஸ்ஸுல வந்தா, 2023 டிசம்பர்ல திறந்த கிளாம்பாக்கத்துல இறக்கி விட்டுடுவாங்க. அங்கேருந்து ஊருக்குள்ள போறது இன்னொரு பயணம். அதனால ரயில்தான் என் கட்சி. மேல்மருவத்தூர்ல செவப்புப் புடவைக் கூட்டம் இறங்கினா உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டு வந்ததும் கொளவாய் ஏரியைப் பார்க்க மறக்காதீங்க. தாம்பரத்துலயோ எழும்பூர்லயோ இறங்கி, லோக்கல் பிடிச்சு பார்க் ஸ்டேஷன். அங்கேருந்து நடந்து பார்க் டவுன் போய் பறக்கும் ரயில் ஏறினா, கிரீன்வேஸ் ரோடு. அங்க இறங்கி, விசாரிச்சுட்டே போங்க. இன்கோ சென்டர்னு போர்டு இருக்கும்.

வாசல்ல என் தங்கச்சி நின்னுட்டா. “அண்ணா, செருப்பு பழசா இருக்குண்ணா...” அமைதியான தெரு, பெரிய பெரிய வீடுங்க. எங்க ஊரு பொண்ணுக்குக் கால் வரலை. நானும் அந்த வயசுல சென்னையில எத்தனையோ கண்ணாடிக் கதவு முன்னாடி இப்படி நின்னு திரும்பியிருக்கேன். அதனால அட்வைஸ் எதுவும் பண்ணலை. கதவைத் தள்ளிட்டு முன்னாடி போனேன். பின்னாடியே வந்துட்டா.

உள்ள யாரும் செருப்பைப் பார்க்கலை பாஸ்!

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். உள்ள போனதும் பி.டி.எஸ். போஸ்டர், பிளாக்பிங்க் கட் அவுட்னு எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. நாங்க போனப்ப சுவர் பூரா ஓவியங்கள்தான். தங்கச்சி முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரசிகர் மன்றம் வேற, பண்பாட்டு மையம் வேறன்னு அப்பதான் அவளுக்கு உறைச்சுது. (எனக்கும்தான்.) இது கொரிய அரசாங்க ஆபீஸும் கிடையாது. ரெண்டு நாட்டுக் கம்பெனிகளோட ஆதரவுல நடக்கிற, லாப நோக்கம் இல்லாத அமைப்பு. கண்காட்சி பார்க்கக் காசு இல்லை. கொரியன் வகுப்பு, டேக்வாண்டோ மாதிரி பயிற்சிகளுக்குக் கட்டணம் உண்டு. டெல்லி லஜ்பத் நகர்ல 2012ல திறந்தது இருக்கே, அதுதான் கொரிய அரசோட கலாசார மையம். அகில இந்திய கே-பாப் போட்டி நடத்துறது அவங்கதான். அதோட மண்டலச் சுற்று சென்னையிலயும் நடந்திருக்கு. ஆட்டம் தெரிஞ்சவங்க காதைத் தீட்டி வெச்சுக்குங்க. ஒடிசாவுலேருந்து போன ஸ்ரேயா லெங்காவை 2022ல பிளாக்ஸ்வான் குரூப்புல சேர்த்துக்கிட்டாங்க, ஞாபகம் இருக்கட்டும்.

திரும்பலாமான்னு நான் யோசிச்சப்பதான் தங்கச்சி ஒரு காரியம் பண்ணினா. ஒரு ஓவியத்துக்குக் கீழே கொரியன்ல எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி, சத்தமா, மெதுவா படிச்சா. அர்த்தம் பாதிதான் தெரிஞ்சுது. ஆனா படிச்சுட்டா! செல்போனைப் பார்த்துத் தானாவே கத்துக்கிட்டது, அதுவும் விழுப்புரம் ரயில்ல நின்னுக்கிட்டே.

இது எப்படி சாத்தியம்? நான் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். கொரியன் எழுத்து ஹங்குல். சேஜோங் ராஜா 1443ல உருவாக்கி, 1446ல மக்களுக்கு அறிவிச்சார். அதுவரைக்கும் சீன எழுத்துதான். அது படிச்ச பெரிய மனுஷங்களுக்கு மட்டும். சாதாரண ஜனமும் எழுதணும்னு செஞ்சது இந்த எழுத்து. இன்னிக்கு அடிப்படை எழுத்து மொத்தமே 24. மெய் 14, உயிர் 10. ரெண்டையும் ஒரே கட்டத்துக்குள்ள சேர்த்தா ஓர் அசை. உயிர்மெய் தெரிஞ்ச நமக்கு இதெல்லாம் ஜுஜுபி!

இன்னொரு சமாச்சாரம். கொரியன்ல கறிக்கு ‘கோகி’ன்னு பேரு. அதுல ரெண்டு இடத்துலயும் ஒரே மெய்தான். முதல்ல வந்தா அழுத்தமா, நடுவுல வந்தா மெல்லிசா ஒலிக்கும். இங்கிலீஷ்காரங்க இங்கதான் குழம்புவாங்க. நாம ‘காகம்’னு சொல்றோமே, ரெண்டு ‘க’வும் ஒரே மாதிரியா ஒலிக்குது? நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாக்கியமும் அப்படித்தான், வினைச்சொல் கடைசியில. ‘ஹாக்யோ’ன்னா பள்ளிக்கூடம். ‘ஹாக்யோ-எ காயோ’ன்னா பள்ளிக்கூடத்துக்குப் போறேன். அந்த ‘எ’தான் நம்ம ‘க்கு’. பெரியவங்களுக்கு ஒரு மாதிரி, சேக்காளிக்கு ஒரு மாதிரி பேசறதும் உண்டு. நீ, நீங்கன்னு வளர்ந்த நமக்கு அது கஷ்டமா என்ன? ஒண்ணு மட்டும் பசங்க கவனிங்க. ‘ஒப்பா’ங்கிறது பொண்ணுங்க அண்ணனைக் கூப்பிடறது. நீங்க போய் ஒரு அண்ணனை ‘ஒப்பா’ன்னா சிரிச்சுடுவாங்க. பசங்களுக்கு ‘ஹியோங்’!

அதுக்காக வாட்ஸ்அப்புல சுத்துதே, ‘தமிழும் கொரியனும் ஒண்ணு, ஐந்நூறு வார்த்தை ஒண்ணு’ன்னு, அதைத் தூக்கிக்கிட்டு அங்க போய் மார் தட்டாதீங்க. ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர் 1905லயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே போட்டார். ஆனா இன்னிக்கு மொழியியல்காரங்க ரெண்டும் ஒரே குடும்பம்னு ஒத்துக்கிறதில்லை. அம்மா, அப்பா மாதிரி சொற்கள் உலகத்துல பல மொழியில குழந்தைங்க வாயில வர்றதுதான். கடல் தாண்டிப் போய் கயா ராஜாவைக் கட்டிக்கிட்ட இளவரசி கதையும் அப்படித்தான். 13ம் நூற்றாண்டுப் புத்தகத்துல இருக்கிற கதை அது. அவங்க அயோத்தின்னும் சொல்றாங்க, கன்னியாகுமரின்னும் சொல்றாங்க. ஆதாரம் கேட்டா ரெண்டு பக்கமும் கப்சிப்.

வேலை? ‘கொரியன் படி, லட்சத்துல சம்பளம்’னு நோட்டீஸ் ஒட்டறவங்களை நம்பி கம்மலை அடகு வெச்சுடாதீங்க. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை இறக்கினது 1998ல. அதுக்கப்புறம் அந்த பெல்ட் முழுக்க கொரியக் கம்பெனிகள்தான். மொழிபெயர்க்க ஆள் வேணும், உண்மை. ஆனா டோபிக் தேர்வுல மொத்தம் 6 லெவல். பாதியாவது தாண்டணும், அதுக்கு வருஷக்கணக்குல உழைக்கணும். சுங்குவார்சத்திரத்துல 2024ல சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாசத்துக்கு மேல ஸ்டிரைக் இருந்தாங்களே, அந்தக் கொரியாவையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. சீரியல்ல அது வராது. ஆரம்பப் பாடம் மட்டும் போதும்னா, கிங் சேஜோங் இன்ஸ்டிட்யூட் ஆன்லைன்ல இலவசமாவே சொல்லித் தருது. பறக்கும் ரயில் கூட ஏற வேண்டாம்.

அப்புறம் ஏன் போகணும்னு கேப்பீங்க. சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார். “பக்கத்துல பாண்டிச்சேரி இருக்கு, 1889லேருந்து அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கு. பிரெஞ்சு படிக்கிறது!” நியாயம்தான். ஆனா தங்கச்சிக்குப் பிடிச்சது பிரெஞ்சு இல்லையே சித்தப்பா!

இலவசம்னு சொன்னேன் இல்ல, கணக்கையும் சொல்லிடறேன். ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. ஒரு நாள் போச்சு. சித்தி ஏழு தடவை போன் பண்ணினாங்க. நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி, அன்னிக்குத் திறந்திருக்கா, என்ன நடக்குதுன்னு போன்ல கேட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துட்டு என்னைத் திட்டாதீங்க!

ஏழே முக்காலுக்கு வீடு. தங்கச்சி ஒரு துண்டுப் பேப்பர்ல ஊர்ப் பேரெல்லாம் ஹங்குல்ல எழுதிக் காட்டினா. சித்தி ஆர்வமா வாங்கிப் பார்த்தாங்க.

“இதுல விழுப்புரம் எதுடி?”

“இதும்மா. ஆனா அவங்களுக்கு ‘வ’ இல்ல, ‘ழ’வும் இல்ல. பில்லுப்புரம்னுதான் வரும்.”

“ழ இல்லையா? இன்னாடி பாஷை அது!” சித்தி பேப்பரைத் திருப்பிக் குடுத்தாங்க. அப்புறம் என்ன நினைச்சாங்களோ, திரும்ப வாங்கினாங்க. “சரி, என் பேரை எழுது பார்க்கலாம்.”