ஐம்பது வயது வரை ஒரு காரைக் காப்பாற்றுவது யார்?

சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் பெயர் சொல்லி விசாரித்தால் யோசிப்பார்கள். ‘ஹெரால்டுகாரர்’ என்றால் உடனே கை காட்டுவார்கள். எங்கள் பழங்கார் கிளப்பின் மூத்த உறுப்பினர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டவர், சென்ற மாதம் காலமானார். கிண்டி எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளப் ஊர்வலத்தில் அவருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எப்போதும் கடைசி வண்டியாகத்தான் வரும். வழியில் யாருடைய கார் நின்றாலும் ஸ்பேனரோடு இறங்க ஓர் ஆள் வேண்டும் என்பார். பரிசு கொடுக்கும் நேரத்தில் அவர் யாருடைய பானெட்டுக்குள்ளாவது தலையை விட்டுக்கொண்டிருப்பார்.

ஹெரால்டு நம் ஊர் கார். வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு மட்டுமே வந்த இந்தக் காருக்கு நான்கு கதவு வைத்தது நம் சென்னைத் தொழிலாளர்கள். மூக்கோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் முன்னால் சாயும். 25 அடி அகலம் இருந்தால் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். சைதாப்பேட்டைச் சந்துகளில் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதன் முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைப் பாகம் இருக்கிறது. மற்ற இடங்களைப் போல அதற்கும் கிரீஸ் அடித்துவிட்டால், உள்ளே மரை காய்ந்து, துருப்பிடித்து, ஒருநாள் ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். வண்டியைத் தொட வரும் ஒவ்வொரு பையனுக்கும் அண்ணன் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடிக் கிடைக்காத புஷ்ஷை அளவெடுத்து லேத்தில் அவரே கடைந்துவிடுவார். அந்த அளவுகளைப் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்தபோது அவருடைய ஹெரால்டும் ஸ்டீயரிங் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் பலரும் அவசரப்பட்டு செல்ஃப் அடித்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டார்கள். அவர் சாவியைத் தொடவே இல்லை. முதலில் ஆயிலை வடித்தார். பால் காபி நிறத்தில் வந்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சிலிண்டரில் ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றினார். தெளிந்த ஆயில் வரும்வரை மாற்றி மாற்றி ஊற்றினார். நான்கு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் பிரித்துச் சேற்றைத் துடைத்தார். பொங்கலுக்கு வண்டி ஓடியது. தெருவில் மூழ்கிய மற்ற வண்டிகளுக்கும் அதே வைத்தியத்தைக் காசு வாங்காமல் செய்தார்.

இப்படிப்பட்டவர்களுக்கு நம் சட்டம் என்ன செய்கிறது? முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு ‘விண்டேஜ்’ அந்தஸ்து கொடுத்தது. ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுப் பதிவு. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனால் 15 வயதில் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் அதே கார், 50 வயது வரை வெறும் பழைய வண்டிதான். 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-ல், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல், 1977-ல் நின்றுபோனது. அதன் கடைசி வண்டிகள் 2027-ல்தான் விண்டேஜ் ஆகும். எண்பதுகளில் வந்த ஸ்டாண்டர்ட் 2000 இன்னும் ஏறக்குறைய பத்தாண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை எத்தனை வண்டி காயலான் கடைக்குப் போகாமல் மிஞ்சும்?

புகை கக்கும் வண்டிகளைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் பராமரிப்பில்லாத வண்டியையும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினா வரை போய்வரும் வண்டியையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் தவறு. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, 30 வயதானாலே, அசல் நிலையில் பராமரித்தால், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாவிட்டால், அதைப் பாரம்பரிய வாகனம் என்கிறது. ஜெர்மனியும் 30 வயதில் சிறப்பு நம்பர் பலகை தருகிறது. நாமும் 30 என்று வைக்கலாம். பரிசோதனை கடுமையாக இருக்கட்டும், ஓட்டும் தூரத்துக்கு வரம்பு இருக்கட்டும். கட்டணத்தை மட்டும் குறைக்க வேண்டும். தமிழக அரசு இதை மத்திய அரசிடம் வலியுறுத்த வேண்டும்.

கிளப்புகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கோவையில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. வடபழனியில் 2023-ல் ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியம் திறந்தார்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பின் கண்காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கார்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. டிங்கரிங், வயரிங், கார்புரேட்டர் டியூனிங் தெரிந்த கைகளுக்கு அடுத்த தலைமுறை கிடைக்கவில்லை. கிண்டி ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளில் சிலரையாவது, மூத்த மெக்கானிக்குகளிடம் சம்பளத்தோடு ஓராண்டு பழகவிட வேண்டும். செலவைக் கிளப்புகள் ஏற்கலாம். ஒரு காரின் குரோம் பூச்சுக்கு ஆகும் தொகையில் ஒரு பையனுக்குச் சில மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

அண்ணனின் பென்சில் நோட்டை அவர் மகள் எங்களிடம் கொடுத்திருக்கிறார். அதைப் படங்களோடு தமிழில் அச்சிட வேண்டும் என்று கிளப் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, அதை ரிப்பேர் செய்யக் கற்கும் ஒவ்வொரு பையனும் இலவசமாகப் பெற வேண்டும். இரங்கல் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து பேசிய ஒவ்வொருவரும் அதற்குப் பணம் போட வேண்டும். என் பங்கை நான் கொடுத்துவிட்டேன்.