அண்ணாவுக்கு அடுத்த சிலந்தி எது?

லண்டனில் இருக்கிற பெரியப்பாட மகனிடம் ஒன்பது டரன்டுலா இருக்கிறது. போன மாதம் வொயிஸ் மெசேஜ் ஒன்று போட்டிருந்தார். "தங்கச்சி, பத்தாவது ஒண்டு எடுக்கப் போறன். இந்த முறை எங்கட ஊர்ச் சாமானாப் பாத்து எடுப்பம் எண்டு நினைக்கிறன். மாங்குளத்தில கண்டுபிடிச்சாங்களே, அது. என்ன சொல்லுறாய்?"

ரெண்டு நாள் பதில் போடவில்லை. இது அந்தப் பதில். இதை வாசிக்கிற உங்களில் ஒருத்தருக்காவது இப்படி ஒரு அண்ணா இருக்கக்கூடும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சிலந்தி வளர்க்கிறவர்களை விசரர் என்று நான் சொல்ல வரவில்லை. நாய் பூனை வைத்திருக்க விடாத வாடகை வீட்டில் ஒரு டரன்டுலா பிரச்சினையில்லாமல் வாழும். கிழமைக்கு ஒன்றிரண்டு பூச்சி போதும். மெக்சிக்கோவின் சிவப்பு முழங்கால் டரன்டுலாவில் பெண் என்றால் இருபது வருஷத்துக்கு மேலேயும் இருக்கும். ஆண் பருவத்துக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஒரு வருஷமளவுதான். அதனால் "அடுத்தது எது" என்பது இவர்களுக்குச் சின்னக் கேள்வி இல்லை. சிலவேளை தங்கட பிள்ளைகள் வளர்ந்து முடியும் வரைக்குமான முடிவு அது.

இதில் ஒரு படிவரிசையும் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து நிலச் சிலந்திகளோடு தொடங்குவார்கள். அவை மெதுவானவை. கோபம் வந்தால் பின்காலால் வயிற்று மயிரை உரசி எறியும், தோல் கடிக்கும், அவ்வளவுதான். ஆசியாவின் மரச்சிலந்திகள் வேறு ரகம். அவற்றுக்கு எறிய மயிர் இல்லை. கண் மூடித் திறக்கிறதுக்குள் சுவரில் நிற்கும். கடித்தால் நாட்கணக்கில் தசை பிடித்து இழுக்கும். இந்தப் படியில்தான் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்கிற பீசிலோதீரியா இனங்கள் வருகின்றன. அண்ணா பத்து வருஷமாக வளர்க்கிறார், இந்தப் படிக்கு வந்துவிட்டார். அவருடைய கைப்பழக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என்ர பிரச்சினை மாங்குளம்.

2009 இல் ஊர்ச்சனம் அடித்துக் கொன்ற ஒரு ஆண் சிலந்தி ஆய்வாளர்களின் கைக்குப் போனது. ரணில் நாணயக்கார தலைமையிலான குழு தேடத் தொடங்கியது. யுத்தம் முடிந்த கையோடு வன்னிக்குள் போக அவர்களுக்கு உதவிய ராஜகுமார் என்ற பொலிஸ் இன்ஸ்பெக்டரின் நினைவாக, 2012 இல் பீசிலோதீரியா ராஜேயி என்று பெயர் வைத்தார்கள். கால் விரித்தால் இருபது சென்ரிமீற்றர், எங்கட சோத்துக் கோப்பை அளவு. பழைய மரப்பொந்துகளில் இருக்கிற பிராணி. பொந்துள்ள முதிய மரங்கள் குறையக் குறைய பழைய கட்டடங்களுக்குள் வருகிறது. மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டொக்டர் குவாட்டர்ஸிலும் அதைக் கண்டார்கள்.

இதைச் சொல்ல நான் ஒன்றும் சுத்தமான ஆள் இல்லை. ஓ.எல். படிக்கிற காலத்தில் எங்கட வீட்டுச் சுவரில் ஒரு புலிமுகச் சிலந்தி வந்து நின்றது. அப்பா அடித்தார். தும்புத்தடியை ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தது நான். "கடிச்சா ஆள் முடிஞ்சுது" என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். டரன்டுலா கடித்து மனிதர் செத்ததாக உறுதியான பதிவு ஒன்றும் இல்லை என்பதைக் கம்பஸ் வந்த பிறகுதான் வாசித்தேன். அன்றைக்கு அது எந்த இனம் என்று பார்க்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆக, இங்கே அதற்குத் தும்புத்தடி, அங்கே அதற்கு விலை. அண்ணாவின் ஆசை எங்கட பயத்தை விட நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஆசை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாருங்கள்.

2019 இல் மலேசியாவின் சரவாக்கிலிருந்து நீலக்கால் டரன்டுலா ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள், பிருப்பெஸ் சிமொரொக்சிகோரம் என்று. அதைப் பிடித்துக்கொண்டு போன ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் பிள்ளைகளுடைய பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அதை எடுத்துப் போக அனுமதியே கொடுக்கவில்லை என்று சரவாக் அதிகாரிகள் சொன்னார்கள். அந்தக் காட்டின் சிலந்தி இப்போது யாரோ மூன்று பிள்ளைகளின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. புதுசு, அரிது, வேறு ஆளிடம் இல்லை என்கிற மூன்று சொல்லுக்காகக் காசு கொடுக்கிற ஆள் இருக்கும் வரைக்கும் பொந்துக்குள் கைவிட ஒரு ஆள் இருப்பான். பீசிலோதீரியாவில் தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் சேர்ந்திருப்பதுண்டு. ஒரு பொந்தைக் கண்டவன் ஒரு குடும்பத்தையே அள்ளலாம்.

அண்ணா என்ன சொல்லுவார் என்று தெரியும். "நான் காட்டில பிடிச்சதை வாங்கேல்ல தங்கச்சி, பெட்டிக்குள்ள பொரிச்ச குஞ்சுதான்." இது வெறும் சாட்டு இல்லை. ஆந்திராவின் நீலச் சிலந்தி, பீசிலோதீரியா மெட்டாலிக்கா, காட்டில் மிகச் சின்ன இடத்தில் அழியும் விளிம்பில் இருக்கிறது, ஆனால் உலகம் முழுக்கப் பெட்டிகளில் பெருகுகிறது. பெட்டியில் பொரித்தது கிடைத்தால் காட்டில் பிடிக்கிற தேவை குறையும், உண்மை. ஆனால் பெட்டியில் பெருகினதால் அந்தக் காடு ஒரு அடி கூடப் பெருகவில்லை.

அதோடு, குஞ்சு பெட்டியில் பொரித்தது சரி, தாய்? தாயின் தாய்? மாங்குளத்துச் சிலந்தி உலகத்துக்குத் தெரிய வந்ததே 2012 இல். அதன் குஞ்சு இன்றைக்கு ஐரோப்பாவில் விலைக்கு வந்தால், அனுமதிப் பத்திரம் காட்டாத வரைக்கும், ஒரு அம்மம்மா இந்தத் தீவிலிருந்து யாருடையதோ பயணப் பைக்குள் போயிருக்கிறாள் என்றுதான் நான் எடுப்பேன்.

இதற்காகத்தான் 2019 இல் பீசிலோதீரியா இனங்கள் எல்லாவற்றையும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். கேட்டதில் இலங்கையும் ஒன்று. அந்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்குப் போனது. அந்தப் பட்டியல் வியாபாரத்தை முற்றாகத் தடை செய்வதில்லை. சட்டப்படி எடுத்தது என்று காட்டி, ஏற்றுமதி அனுமதி எடு என்றுதான் சொல்கிறது. அதனால் வாங்குகிற ஆளுக்கும் ஒரு கேள்வி கேட்கிற உரிமை வருகிறது. விற்கிறவர் "பெட்டியில் பொரித்தது" என்றால் அதோடு நிற்காமல், "தாய் எங்க இருந்து வந்தது?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வாங்காதீர்கள்.

இனி அண்ணாவுக்கு மட்டும். அண்ணா, நீங்கள் ஆறு வயதில் போனீர்கள். உங்கட வீடு இருந்த காணியில் இப்ப பற்றைதான். ஊரிலிருந்து ஒரு உயிர் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைப்பது எனக்கு விளங்குது. ஆனால் அது பகல் முழுக்க மரப்பட்டைக்குப் பின்னால்தான் இருக்கும். இரவில் நாலு கால் தெரியும். அதற்கு மாங்குளமும் தெரியாது, லண்டனும் தெரியாது. ஊர் என்று நீங்கள் தேடுகிறது அந்தப் பெட்டியின் லேபலில் மட்டும்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், பீசிலோதீரியா ரெகாலிஸ் எடுங்கோ. இந்தியச் சிலந்தி, ஐரோப்பாவில் நீண்ட காலமாகப் பெருக்கிறார்கள். எங்கே பொரித்தது என்று சொல்லக்கூடிய ஆளிடம் வாங்கலாம். அதே வேகம், அதே கடி, மாங்குளத்துச் சிலந்தியின் சாயலும் இருக்கு. லேபல் மட்டும்தான் வேறு. அந்த வித்தியாசம் பெரிசாகத் தெரிந்தால், நீங்கள் தேடுவது சிலந்தியா என்று ஒருக்கா யோசியுங்கோ.

ஊர்ச் சிலந்தி பார்க்க வேணுமெண்டால் ஓகஸ்ட்டில் வாங்கோ. ரோர்ச் எடுத்துக்கொண்டு இரவில் பழைய பாலை மரங்களைப் பார்த்துக்கொண்டு போவம். தொடாமல் பார்ப்பம். கிடைக்காவிட்டால், அது தன் பொந்தில் நிம்மதியாக இருக்கு என்று வீட்டுக்கு வருவம்.

இதை அனுப்பி ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது: "சரி. நான் வரமுதல் சித்தப்பாட தும்புத்தடியை ஒளிச்சு வை."