ஊருக்கு எழுதாத ஞாயிற்றுக்கிழமை

வெளிநாடு சென்று திரும்பிய முன்னாள் மாணவர் எவரேனும் கல்லூரி மன்றத்தில் பேச வந்தால், அவர் என்ன சொல்வார் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். வானளாவிய கோபுரம், குப்பையில்லாத தெரு, நேரம் தவறாத இரயில், பனிமழை. நாமும் கைதட்டி விடைகொடுப்போம். ஆனால், போன புதிதில் கிடைத்த ஓய்வு நாளில், போட்ட திட்டமெல்லாம் புரண்டுபோய், வழி தெரியாமல், கையில் காசில்லாமல் தெருவில் நின்ற கதையை எவரும் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது அந்தக் கதைதான் என்பது என் கருத்து.

அப்படிச் சொல்லத் துணிந்த மாணவர் ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு அப்போது பத்தொன்பது வயது நிறையவில்லை. கப்பலில் கறுப்பு உடையில் இருந்தவர், கரையிறங்கும்போது உடுத்துவதற்கென்றே நண்பர்கள் வாங்கித்தந்த வெள்ளை பிளானல் உடையைப் பத்திரமாக வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியில் இறங்கிப் பார்த்தால், வெள்ளையுடையில் நிற்பவர் அவர் ஒருவரே! மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, மற்றவர்களைப் பார்த்துத் தாமும் பெட்டிகளைச் சாவியோடு ஏஜெண்டிடம் ஒப்படைத்தாயிற்று. அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, எல்லாம் அடைப்பு. திங்கட்கிழமைக்கு முன் பெட்டி கைக்கு வராது.

அந்த இரண்டு நாளும் விக்டோரியா ஓட்டலில். பார்க்க வந்த டாக்டர் மேத்தாவின் உயரத் தொப்பியை ஆசையாய்த் தடவப்போய், அதன் மென்மயிரை எதிர்ப்புறமாகக் கலைத்துவிட்டார். பிறர் பொருளைத் தொடாதே, உரக்கப் பேசாதே என்று மேத்தா அன்றே பாடம் தொடங்கினார். சாப்பாடோ வாயில் வைக்க முடியவில்லை. ஒன்று பிடிக்காமல் இன்னொன்று கேட்டால் இரண்டுக்கும் காசு. பட்டினி கிடந்தவருக்குப் பில் மூன்று பவுன் வந்தது. (நம் விடுதி மெஸ் பில்லைக் குறை கூறும் நண்பர்கள் இதைக் கவனிக்க.) உடன் வந்தவர்களின் உதவியால் வாடகை அறைக்கு மாறிய பிறகும், இரவில் தாயை நினைத்துக் கண்ணீர் வடித்தார். அத்துயரத்தை எவரிடமும் பங்கிட்டுக்கொள்ள முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

எப்போது எழுதினார்? நாடே அவரைத் தலைவராக ஏற்றபின், 1925இல் தொடங்கிய தன் வரலாற்றில். அதே நூலில் 1890ஆம் ஆண்டின் பாரிஸ் பயணமும் வருகிறது. ஈஃபில் கோபுரத்து உணவகத்தில், உயரத்தில் உண்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக ஏழு ஷில்லிங்கை வீணடித்ததாக ஒரே வரியில் முடித்துவிடுகிறார். நம்மவர்களோ அந்தக் கோபுரத்தைத்தான் படம் பிடித்து வந்து காட்டுகிறார்கள்!

இன்னொருவர், நாமக்கல் நாமகிரித் தாயாரை வணங்கிய குடும்பத்தில் பிறந்த இராமானுஜன். எங்கள் ஊரான நாமகிரிப்பேட்டையின் பெயரிலும் அத்தாயார் பெயர் இருப்பதால், அவர்மீது எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், இந்தியர்களுக்கென ஓர் ஆங்கில அம்மையார் இலண்டனில் நடத்திய விடுதியில் தங்கினார். அவர் அன்போடு தந்த ஓவல்டினைக் குடித்துவிட்டு டப்பாவைப் படித்தால், அதில் முட்டைத்தூள்! உடனே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார். லிவர்பூல் தெரு இரயில் நிலையத்தை அடைந்தபோது ஜெர்மானியர் குண்டு வீசினர். இதைக் கடவுளின் தண்டனையாகவே கருதி, அந்த அம்மையாருக்கு எழுதினார். காந்திக்குக் கிட்டிய துணை இவருக்குக் கிட்டாததற்கு இவருடைய கூச்சமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த அம்மையாரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றிரவு அவர் அங்கேயே தூங்கியிருக்கலாம்.

பெருந்துன்பம் வந்தால் ஊர் அறியும். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கே மருத்துவம் பயின்ற நம் மாணவர்களுக்காக அரசே விமானம் அனுப்பியது. உதவி கேட்க எவரும் வெட்கப்படவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பணப்பை தொலைந்தவனுக்கு விமானம் வருமா? அவன் செய்தித்தாளிலும் வரமாட்டான், வீட்டுக்கும் சொல்லமாட்டான். ஏன் சொல்வதில்லை? மஞ்சள் காட்டை ஈடு வைத்து வங்கிக் கடன் வாங்கி அனுப்பிய அப்பா, மஞ்சள் மண்டியில் இந்த வாரம் என்ன விலை போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபிறகும், "சாப்பிட்டியா கண்ணு?" என்று அம்மா கேட்டால், பட்டினி கிடப்பவன் "ஆச்சும்மா" என்று சிரிக்கிறான். காந்தி காலத்தில் கடிதத்தில் மட்டும் மறைத்தால் போதும். இப்போது முகத்திலும் மறைக்க வேண்டியிருக்கிறது.

கடவுச்சீட்டின் நகல் ஒன்றைத் தனியே வை, ஒரு மாற்றுடையைக் கைப்பையில் வை, இந்தியத் தூதரகத்தின் எண்ணைத் தாளில் எழுதி வை என்றெல்லாம் ஏஜெண்டுகளே சொல்லிவிடுகிறார்கள். காந்தியின் சட்டைப்பையிலும் நான்கு அறிமுகக் கடிதங்கள் இருக்கத்தான் செய்தன, அவற்றுள் ஒன்று தாதாபாய் நௌரோஜிக்கு. கடிதம் இருப்பது வேறு, கதவைத் தட்டுவது வேறு. தட்டும் துணிவை நம் பாடத்திட்டம் தருவதில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கவே எழுந்திராத நாம், அயல்நாட்டுத் தெருவில் யாரை நிறுத்தி என்ன கேட்போம்?

ஆகவே மன்றப் பொறுப்பாசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த ஆண்டு விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பிய மாணவரை அழைக்கும்போது, கோபுரப் படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஊருக்கு எழுதாத அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது, யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள், அவர் என்ன கொடுத்தார் என்று கேளுங்கள். முன் வரிசையில் முதலாண்டு மாணவர்கள் அமரட்டும்.