பென் டிரைவுக்கு எதுக்குங்க பாகப்பிரிவினை?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்டல. இன்னைக்குப் பொட்டி தட்டற விஷயம்தான், ஆனா ஓடிடாதீங்க, நடுவுல பட்டுப் புடவையும் வருது :-)

சொந்த ஊரு ஆரணி. சித்தப்பா தறிக்காரங்களுக்குப் பட்டு கொடுத்துப் புடவை நெய்ய விடறவர். கரை, முந்தி டிசைனை எல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, பென் டிரைவ்ல கொண்டுபோய்க் கொடுத்தா அட்டையில துளை போட்டுத் தருவாங்க. அந்த அட்டை ஜக்கார்டு பெட்டியில ஏறினாத்தான் தறியில டிசைன் விழும்.

போன வருஷம் அவர் டிரைவ் தொலைஞ்சு போச்சேன்னு என்னோடதைக் கொடுத்தேன். சும்மா கொடுத்தேனா? படிச்ச மேதாவியாச்சே! ரெண்டாப் பிரிச்சு வெச்சிருந்தேன். முதல் பகுதி என் உபுண்டு வேலைக்கு, இஎக்ஸ்டி4. ரெண்டாவது அவருக்கு, ஃபேட்32. அவர் லேப்டாப்ல விண்டோஸ் 10, ரெண்டுமே தெரிஞ்சுது. "முதலாவதை ஃபார்மட் பண்ணவான்னு கேட்கும், வேணாம்னு சொல்லிடுங்க சித்தப்பா"ன்னு சொல்லிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

அட்டை போடற இடத்துல இருந்தது பழைய விண்டோஸ் 7. கழட்டி மாட்டற டிரைவ்ல எத்தனை பகுதி இருந்தாலும் முதலாவதை மட்டும்தான் அது காட்டும். எல்லாத்தையும் காட்ட ஆரம்பிச்சது 2017ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்லதான். அந்த முதல் பகுதியோ லினக்ஸோடது, விண்டோஸுக்குப் புரியாது. "ஃபார்மட் பண்ணாத்தான் உபயோகிக்க முடியும், பண்ணவா?"ன்னு கேட்டிருக்கு. அங்க இருந்த பையன் சரின்னு அமுக்கிட்டான்.

"டிரைவ்ல ஒண்ணுமே இல்லப்பா"ன்னு சித்தப்பா போன் பண்ணப்ப குரலே சரியில்ல. லேப்டாப்ல இருந்து கட் பண்ணிப் போட்டிருக்கார், வேற காப்பி கிடையாது. சனிக்கிழமை நான் ஊருக்குப் போற வரைக்கும் ரெண்டு நாள் தறி சும்மா நின்னுது. தறி ஓடலைன்னா கூலி இல்லைங்க.

உபுண்டுல சொருகிப் பார்த்தா, ரெண்டாவது பகுதி பத்திரமா இருந்துச்சு! போனது என் பாதிதான். நல்லா வேணும் எனக்கு.

எல்லாரும் அந்தப் பையனைத் திட்டினாங்க. எனக்கு மனசு ஒப்பல. மெஷின் கேட்ட கேள்விக்கு வேலை ஆகணும்னு நினைக்கறவன் "சரி"ன்னுதான் சொல்வான். தப்பான இடத்துல அந்தக் கேள்வி வர்ற மாதிரி பண்ணி வெச்சது யாரு? நான்தானே!

நம்ம ஊருல ரெண்டு ஓஎஸ் புதுசு இல்ல. 2011ல அரசு கொடுக்க ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப்லயே விண்டோஸோட, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் வந்துச்சு. ஆனா லேப்டாப் ஒருத்தர் கையில இருக்கும். பென் டிரைவ் ஊர் சுத்தும். அதான் வித்தியாசம்.

அதனால என் கட்சி இதுதான். அடுத்தவங்க மெஷின்ல சொருகப் போற டிரைவ்ல ஒரே பகுதி போதும், எக்ஸ்ஃபேட்ல. விண்டோஸ், மேக் ரெண்டும் படிக்கும், எழுதும். லினக்ஸ் கர்னல்லயும் 2019ல இருந்து இருக்கு. எதிர்ல ரொம்பப் பழைய மெஷின்னா ஃபேட்32, ஆனா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. என்டிஎஃப்எஸ் வேணாம், மேக் அதைப் படிக்கும், தானா எழுதாது.

"பொதுப் பகுதியை முதல்ல வெச்சா பழைய விண்டோஸும் பார்க்குமே?"ன்னு கேட்பீங்க. பார்க்கும். ஆனா புது விண்டோஸ் ரெண்டாவதைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கும். ராஸ்பெர்ரி பை கார்டை விண்டோஸ்ல சொருகினவங்களுக்கு இது தெரியும். பிரிச்சுத்தான் தீருவேன்னா தாராளமாப் பிரிங்க, ஆனா அது உங்க பையை விட்டு வெளிய போகக் கூடாது.

சித்தப்பாவுக்கு இப்போ ரெண்டு டிரைவ், ரெண்டுலயும் ஒரே பகுதி, ஒரே டிசைன். பிரிக்கறதை விட ரெண்டு காப்பி வெச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்னு பி.இ. முடிச்சு இத்தனை வருஷம் கழிச்சுப் புரிஞ்சிருக்கு.

டிஸ்கி: அந்தப் புடவை நெய்து முடிஞ்சாச்சு. கரை அருமை. சித்திதான் கட்டிக்கிட்டாங்க :-)